விசிலம்மாவின் அறுபது விநாடி

தீயணைப்புப் பயிற்சிப் பள்ளியில் விசிலம்மாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச், முகத்தில் ஏதோ கெட்ட வாடை அடிப்பதுபோல ஒரு சுளிப்பு. இருபது வருட வேலையில் பன்னிரண்டு வருடம் தண்ணீர் வண்டியோடு ஓடியவள். கடைசி எட்டு வருடம் பயிற்சியாளர். அந்தச் சுளிப்பு இந்த எட்டு வருடத்தில் வந்ததுதான்.

சுளிக்காமல் என்ன செய்வாள்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிகாரிகளுக்கு ஐந்து நாள் வகுப்பு. தீப்பிடித்த இடத்தில் பதறாமல் சரியான முடிவெடுப்பது எப்படி என்பதுதான் பாடம். முதல் நாள் காலை டீ முடிந்த கையோடு பாதிப் பேர் கண் சொருகிவிடுவார்கள், மீதிப் பேர் போனுக்குள் தலையை விட்டுவிடுவார்கள். போன தடவைக் கேள்வித்தாள் வாசல் ஜெராக்ஸ் கடையிலேயே கிடைக்கும். கேள்விகளும் மாறுவதில்லை. "சம்பவ இடத்தில் அதிகாரி முதலில் செய்ய வேண்டியது என்ன?" என்று கேட்டால், "கட்டடத்தை நான்கு பக்கமும் சுற்றிப் பார்க்க வேண்டும்" என்று அத்தனை பேரும் எழுதுவார்கள், சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. மறுநாள் மைதானத்துக்கு வந்தால் ஒரு ஆள்கூடச் சுற்ற மாட்டார்.

சுற்றவும் முடியாது. மைதானத்தில் புகைவீடு என்று ஒரு கதவில்லாத இரண்டு மாடிக் கட்டடம். மற்ற அறைகளில் கூரை வெடித்துவிட்டதால் எப்போதும் கீழே சமையலறையில்தான் தீ மூட்டுவார்கள். ஐம்பது கிலோ மணலைக் கித்தானில் தைத்து, கை கால் வைத்த பொம்மை ஒன்று உண்டு. அதற்குப் பெயர் சித்தப்பா. சித்தப்பா எந்நாளும் மாடியில் இடது பக்க அறையில்தான் படுத்திருப்பார். பின்பக்கம் முள்ளுப் புதரும் உடைந்த கழிவுநீர்த் தொட்டியும். அந்த நாற்றத்துக்குள் யார் போவார்கள்? வண்டி நிற்கும், "உள்ள போ" என்று சத்தம் வரும், முன்வாசல் வழியாக நேரே படியேறி சித்தப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். விசிலம்மா நேரத்தைச் சொல்வாள், எல்லோரும் கை தட்டுவார்கள். தீயை அணைக்கத்தான் யாருக்கும் நேரமிருக்காது.

இந்தக் கூத்தை எட்டு வருடமாகப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தவளிடம்தான் ஒரு திங்கட்கிழமை அந்தக் கடிதம் வந்தது.

இரண்டு வாரத்துக்கு முன், பட்டப்பகல் பதினொரு மணிக்கு, ஒரு மெத்தைக் கடையில் தீ. போன அதிகாரி மூன்று மாதத்துக்கு முன்புதான் விசிலம்மாவின் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவர். முன்பக்கம் கொஞ்சமாகப் புகை. "உள்ள போ" என்று விட்டார். குழாய் முனையைப் பிடித்திருந்த தீயணைப்பாளர் வாசற்படியில் நின்றுவிட்டார். "ஒரு நிமிஷம் சார், பின்பக்கம் பாத்துட்டு வந்துடறேன்" என்று குழாயைக் கீழே வைத்துவிட்டு நடந்தே போய்விட்டார். அதிகாரி தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். பின்பக்கம் தெரு பள்ளமாக இறங்குகிறது. அங்கே கடைக்கு அடியில் இன்னொரு தளம், மெத்தைக்கான பஞ்சும் நுரையும் அடுக்கிய கிடங்கு. இரும்புக் கதவு சிவந்து கிடந்தது. அவர் ஓடி வந்து, அதற்குள் உள்ளே கால் வைத்திருந்த மற்ற இரண்டு தீயணைப்பாளர்களையும் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். நாலு நிமிடத்தில் கடையின் தரை மொத்தமாகக் கீழே இறங்கியது.

ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. ஆனால் கடைக்காரர் சும்மா விடுவாரா? "தீயணைப்புக்காரங்க வாசல்ல நின்னு வேடிக்கை பாத்தாங்க" என்று போனில் எடுத்த படத்தோடு மேலிடத்துக்குப் போய்விட்டார். மேலிடத்துக்கு ஒரு தலை வேண்டும். அதிகாரியின் தலை விலை அதிகம். ஆகவே தீயணைப்பாளர் மேல் குற்றச்சாட்டு: கட்டளைக்குக் கீழ்ப்படியாமை, ஒன்றரை நிமிடத் தாமதம். நிரூபணமானால் வேலை போகும். ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும் மனிதர், மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவர் செய்தது பயிற்சிப்படி சரியா தவறா என்று பள்ளியின் கருத்தைக் கேட்டுத்தான் கடிதம்.

விசிலம்மா அலமாரியைக் குடைந்து அந்த அதிகாரியின் விடைத்தாளை எடுத்தாள். நான்கு பக்கமும் சுற்றிப் பார்க்க வேண்டும். முத்து முத்தான கையெழுத்து. சிவப்பு அடிக்கோடு. பக்கத்தில் முழு மதிப்பெண், அவள் கையாலேயே போட்டது. தாளை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

பள்ளி முதல்வர் கூப்பிட்டனுப்பினார். பல்குத்தியால் பல்லைக் கிளறிக்கொண்டே பேசுகிற மனிதர்.

"ஒரே ஒரு வரி எழுதுங்கம்மா. கட்டளை வந்த அறுபது விநாடிக்குள்ள உள்ள போகணும், அதுதான் பயிற்சி. அவ்வளவுதான்."

"அவர் உள்ள போயிருந்தா மூணு பேர் செத்திருப்பாங்க சார்."

"போகலையே. அதை விடுங்க. நான் என்ன பொய்யா எழுதச் சொல்றேன்? கையேட்டுல முப்பத்தொண்ணாம் பக்கம். எழுதினது யாரு?"

எழுதியது அவள்தான். பயிற்சியாளராக வந்த முதல் மாதத்தில், பீடி பிடித்துக்கொண்டு ஆடி அசைந்து வந்த புதுசுகளைப் பார்த்துப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டாப்வாட்ச்சைக் கொண்டுவந்தது அவள். அறுபது விநாடி என்று எழுதியது அவள். நடைபாதையில் சாதனை நேரங்களுக்கு ஒரு பலகை மாட்டியதும் அவளே. முதல்வர் பல்குத்தியைத் தட்டில் போட்டார். அதன் நுனியில் என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் சல்யூட் அடிக்காமலே வெளியே வந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் பிடித்த வேகத்தில் பாத்திரங்கள் அலறின. கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர், அதிகம் வாய் திறக்காத மனிதர். வெங்காயம் நறுக்கிக்கொண்டே முழுக்கதையையும் கேட்டார்.

"உனக்கு எதுக்கு ஊர் வம்பு? ஒரு வரி எழுதிட்டு வா. அவர் செஞ்சது ரூல்படி தப்புதானே?"

"நீங்க தினம் வண்டியைப் பூட்டறதுக்கு முன்னாடி கடைசி சீட்டு வரைக்கும் போய்ப் பாக்கறீங்களே, ஏன்?"

"ஏதாவது குழந்தை தூங்கிக்கிட்டிருந்தா?"

"இத்தனை வருஷத்துல ஒரு குழந்தையாவது இருந்திருக்கா?"

"இல்லை. அதுக்காகப் பாக்காம இருக்க முடியுமா?" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "எங்க முதலாளி கடிகாரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா நானும் பாக்காமத்தான் பூட்டுவேன். மனுஷன்தானே."

சும்மா இருந்த மனிதர் சரியான இடத்தில் ஊசியை இறக்கிவிட்டார். அவருக்கே அது தெரியவில்லை, நறுக்கிய வெங்காயத்தை அவளிடம் நீட்டினார்.

மறுநாள் மதியம் அந்தத் தீயணைப்பாளரைப் பார்க்கப் போனாள். நிலையத்தின் பின்முற்றத்தில் நனைந்த குழாய்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். விசாரணை முடியும் வரை வண்டியில் ஏறக்கூடாது என்று உத்தரவாம். ஐம்பத்தேழு வயது ஆளைத் தரை கழுவ வைத்திருக்கிறார்கள், த்தூ. நிமிர்ந்தவரைக் கண்டதும் விசிலம்மாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நத்தை! எட்டு வருடத்துக்கு முன், பழைய ஆட்களுக்கு நடந்த முதல் மறுபயிற்சியில், எல்லோரும் ஒரு நிமிடத்தில் உள்ளே போனபோது இரண்டு நிமிடம் பத்து விநாடி கழித்து உள்ளே போனவர். மைதானம் முழுக்கக் கேட்கும்படி அந்தப் பெயரை வைத்தவள் அவள்தான். நனைந்த குழாயைத் தோளில் சுமந்து பத்துச் சுற்று ஓடவும் விட்டாள்.

"வாங்க மேடம்," என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மனதில் எதையும் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பின்பக்கம் பாக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

"நான் எப்பவும் பாப்பேன் மேடம். பழக்கம். எங்க போனாலும் வெளிய வர்ற வழி தெரியாம உள்ள போக எனக்குப் பயம்."

"அப்போ பயிற்சியில?"

"அங்கயும்தான். அதனாலதானே லேட்டாச்சு." அவர் சிரித்தார். "முள்ளு காலைக் கிழிச்சுடுச்சு. தொட்டி நாத்தம் வேற. ஆனா அங்க ஒரு ஜன்னல் இருக்கு, பாத்திருக்கீங்களா? சித்தப்பா படுத்திருக்கிற ரூமுக்கு நேரா. ஏணியைச் சாத்தினா புகைக்குள்ள போகாமலே தூக்கிடலாம்."

எட்டு வருடம். அவள் அந்த ஜன்னலைப் பார்த்ததே இல்லை.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே?"

நத்தை குழாயைத் தேய்ப்பதை நிறுத்தினார். பதில் சொல்ல அவருக்குத்தான் கூச்சமாக இருந்தது.

"சொன்னேன் மேடம். 'வாயை மூடிக்கிட்டு ஓடு'ன்னீங்க."

விசிலம்மா அங்கிருந்து நேரே பள்ளிக்கு வந்து, உடுப்போடு புகைவீட்டின் பின்னால் போனாள். முள் கிழித்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஜன்னல் இருந்தது. ஆள் நுழையும் அகலம். இத்தனை நாள் முதல்வரையும் அதிகாரிகளையும் ஜெராக்ஸ் கடைக்காரரையும் பார்த்துச் சுளித்தாளே, அத்தனை அருவருப்பும் மொத்தமாக அவள் மேலேயே திரும்பியது. இந்த அதிகாரிகள் எழுதியதைச் செய்யவில்லை என்று எவ்வளவு திட்டினாள்! அவர்கள் செய்ததெல்லாம் அவள் கையில் கடிகாரத்தோடு நின்று சொல்லிக்கொடுத்ததைத்தான். கண்ணைத் திறந்து பார்த்த ஒரே ஆளை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஓடியவர்களுக்குக் கை தட்டியிருக்கிறாள். புதரோரமாக உட்கார்ந்து நிஜமாகவே வாந்தி எடுத்தாள்.

வியாழக்கிழமை விசாரணை. நீள மேஜை, மேலே மின்விசிறி, விசாரணை அதிகாரி, முதல்வர், ஒரு தட்டச்சர். மெத்தைக் கடைக்குப் போன அதிகாரி இஸ்திரி கலையாமல் உட்கார்ந்திருந்தார். நத்தை சுவரோரமாக நின்றார். அவருக்கு நாற்காலி போடவில்லை.

"பயிற்சிப்படி இவர் செஞ்சது தவறா இல்லையா? சுருக்கமா சொல்லுங்க," என்றார் விசாரணை அதிகாரி.

"பயிற்சிப்படி தவறு சார்."

முதல்வரின் முகம் மலர்ந்தது. நத்தை தரையைப் பார்த்தார்.

"பயிற்சியே தவறு. அதையும் எழுதிக்குங்க. அறுபது விநாடின்னு எழுதினது நான். சுத்திப் பாக்கணும்னு பேப்பர்ல மார்க் போட்டுட்டு, மைதானத்துல சுத்திப் பாத்தவருக்குத் தண்டனை குடுத்ததும் நான். இதோ நிக்கறாரே, இவருக்குத்தான். அந்த அதிகாரி நான் பழக்கினபடி செஞ்சார். மூணு பேரைக் கொல்லப் பாத்தார். இவர் நான் பழக்கினதைக் கேக்கலை. அதனால மூணு பேரும் வீட்டுக்குப் போனாங்க."

"அம்மா, என்ன பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?" என்று முதல்வர் எழுந்தேவிட்டார்.

விசாரணை அதிகாரி அவரைக் கையமர்த்தினார். "இது பதிவானா நீங்க பயிற்சியாளரா இருக்க முடியாது."

"இருக்கக் கூடாது சார். தண்டனைன்னா அந்தக் கையேட்டுல என் பேர் இருக்கு, அதுக்குக் குடுங்க."

தட்டச்சர் அடித்தார். நத்தை மேலிருந்த குற்றச்சாட்டு நிற்காது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. விசாரணை அதிகாரி காகிதங்களை அடுக்கி மூடியவர், ஏதோ உறுத்தினாற்போல மறுபடி திறந்தார்.

"இந்த எட்டு வருஷத்துல உங்ககிட்ட பயிற்சி எடுத்தவங்க எத்தனை பேர்?"

"ஆயிரத்து நூத்து நாப்பது பேர் சார்."

"இப்ப எங்க இருக்காங்க?"

"எல்லா ஸ்டேஷன்லயும். ஷிஃப்ட்ல."

தட்டச்சர் அந்த எண்ணை அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "அடிங்க," என்றாள் விசிலம்மா.