பேச்சை நிறுத்தாத நோயாளி

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஜீவனஹள்ளியில் கல் சுமந்தேன், மேஸ்திரி ஆனேன், அதே ஜீவனஹள்ளியில் மூன்று மாடிக் கட்டடமும் எழுப்பினேன். அதன் மேல்தளத்துக்குக் கம்ப்யூட்டரோடு வாடகைக்கு வந்தவள்தான் அந்தத் தங்கவயல் பெண்.

எக்ஸ்ரே எடுக்கப் பழகுகிறவர்களுக்காக ஒரு பாட சிடி செய்துகொண்டிருந்தாள். குட்டையாக வெட்டிய முடி, மூக்கு நுனியில் கண்ணாடி. திரையில் நோயாளி மூச்சை அடக்கும்போதெல்லாம் இவளும் கன்னம் உப்ப அடக்கிக்கொள்வாள்.

ஒருநாள் முகம் வாடி உட்கார்ந்திருந்தாள்.

"ஆஸ்பத்திரில வேணாம்னுட்டாங்க அங்கிள். சிடில நான் வெச்ச பேஷண்ட், சொன்னதெல்லாம் அப்படியே கேக்கறானாம். நெஜ ஆளு எவன் அப்படி நிப்பான்றாங்க."

"நான் நிப்பேன்மா. இந்தக் கட்டடத்தையே நின்னு கட்டினவன்!"

கேமராவை எதிரே நிறுத்திவிட்டு, என்னை ஒரு பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்கச் சொன்னாள்.

"மூச்ச இழுத்துப் புடிங்க. பேசாதீங்க."

"பேசலையேமா. இந்தச் செவுரு இருக்கே, இதுக்கு நானே..."

"அங்கிள், புடிங்க!"

"புடிச்சிக்கிட்டுதானே பேசறேன்!"

அவள் நாற்காலியிலிருந்து சரிந்து சிரித்தாள். அதையே சிடியில் சேர்த்தாள். சிடியைப் போட்டுப் பழகுகிறவர்களில், திரையில் வரும் என்னைத் தாஜா பண்ணிப் பேச்சை நிறுத்துகிறவருக்குத்தான் எக்ஸ்ரே படம் தெளிவாக விழும், மற்றவருக்கெல்லாம் மங்கல். ஆஸ்பத்திரி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. பழகுகிறவர்கள் சிரித்துக்கொண்டே கற்றார்களாம்.

அத்தனை கெட்டிக்காரி இதை மட்டும் எப்படி மறந்தாளோ, இன்றும் புரியவில்லை. சிடி உறையில் இசை போட்டவன் பேர்கூட இருக்கிறது, என் பேர் இல்லை. வீட்டைக் காலி பண்ணிப் போய்விட்டாள், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். ஆனால் அடுத்த முறை அச்சடிக்கும்போது 'நோயாளி' என்று போட்டு, பக்கத்தில் என் பேரைப் பெரிய எழுத்தில் போட்டாக வேண்டும்.