ஊசியக்கா கடலுக்கு மாதம் பார்த்த கதை

பரிசோதனைக் கூடத்துக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வலியைவிடப் பயம்தான் பெரிது. அதற்கு ஊசியக்கா ஒரு வழி வைத்திருந்தாள். கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் நரம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே ஏதாவது ஒரு கேள்வி கேட்பாள். ஒப்புக்குக் கேட்கிற கேள்வி இல்லை, கொஞ்சம் யோசித்தால்தான் பதில் வருகிற கேள்வி. வீட்டில் யார் குறட்டை பெரிய குறட்டை, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது, இப்படி. அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் ஊசி போய்க் குழாய் நிறைந்துவிடும். பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்ன பிறகும் அவள் விட மாட்டாள். மிச்சக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மேனேஜர் வரிசையைக் காட்டிக் காட்டி ஓய்ந்துபோனார்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே கேள்வி கேட்டுத்தான். பத்தாம் வகுப்பில் காய்ச்சலுக்காக அவளுக்கு ரத்தம் எடுத்த பெண்ணிடம், இதை எடுத்துக்கொண்டுபோய் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் உள்ளே கூட்டிப்போய் நுண்ணோக்கியில் காட்டினாள். அன்றைக்கு முடிவானது வேலை. கல்யாணத்திலும் அதே கதைதான். சோபாவுக்கு உறை மாற்றிக் கொடுக்கிற கடைக்காரரிடம், பழைய சோபாக்களைப் பிரித்தால் உள்ளே என்னென்ன கிடக்கும் என்று கேட்கப் போனவள், பதில் கேட்டு முடிப்பதற்குள் அவரையே கட்டிக்கொண்டாள் என்று உறவில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் ஆண்டு விடுமுறையை மூப்புப்படிதான் கொடுப்பார்கள். மூத்தவர்கள் முதலில் மாதத்தைச் சொல்ல வேண்டும். எல்லோரும் எடுத்தது போக மிச்சம் ஊசியக்காவுக்கு. கேள்வி கேட்கத் தெரிந்த அவளுக்கு இதில் மட்டும் எதிர்த்துக் கேட்க வரவில்லை. மிச்சம் என்பது பெரும்பாலும் ஒரே மாதமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடம் திறந்து, வெயில் இறங்கி, ஆனால் குளிரும் வராத இரண்டுங்கெட்டான் மாதம். அந்த விடுமுறையில் அவள் வீட்டைக் கழுவுவாள், திரைச்சீலைகளைத் துவைப்பாள், பரணை ஒழிப்பாள். வேலைக்குத் திரும்பும்போது இடுப்பு வலியோடு திரும்புவாள்.

அந்த வருடம் மூத்தவர்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்து ஓய்வு பெற்றார்கள். மேனேஜர் வந்து, முதல் பங்கு இனி உங்களுக்குத்தான், மாதத்தைச் சொல்லுங்கள் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவளை அறியாமலே வந்த வார்த்தை, "கடலுக்குப் போகலாங்க."

அவர்கள் ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் பிற்பகலில் கடலோரம் இறங்கலாம். இத்தனை வருடத்தில் அவர்கள் போனதில்லை. கடல் காற்றில் சோபா ஸ்பிரிங் துருப்பிடிக்கும் என்பதைத் தவிர அவள் கணவருக்குக் கடலைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் கிடையாது. உட்கார நாற்காலி இருந்தால் எந்த மாதமும் தனக்குச் சம்மதம் என்றார்.

மறுநாளிலிருந்து நாற்காலியில் வந்து கை நீட்டியவர்களுக்கெல்லாம் ஒரே கேள்விதான். கடலுக்குப் போயிருக்கிறீர்களா, எந்த மாதம் நன்றாக இருந்தது?

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கொஞ்சமும் யோசிக்காமல் வெயில் மாதம் என்றார். அப்போதுதான் கடல் கடல் மாதிரி இருக்குமாம். அடுத்து வந்த டாக்சிக்காரர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். வெயில் மாதத்தில் மணலில் கால் வைத்து உள்ளங்கால் வெந்துபோன கதையையும், குடை நட இடம் கிடைக்காமல் இரண்டு குடும்பங்கள் அடித்துக்கொண்ட கதையையும் சொன்னார். குளிர் மாதம்தான் சொர்க்கம் என்றார் ஒரு பெரியவர். தண்ணீரில் இறங்கினீர்களா என்று கேட்டதற்கு, இறங்குவதாவது, கால் விரல் மரத்துப்போகும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தோம் என்றார். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், அடைமழையில் போனோம், அதைப்போல வராது என்றாள். கடல் எப்படி இருந்தது என்று ஊசியக்கா தூண்டிக் கேட்க, அந்தப் பெண் முகம் சிவந்து, ஜன்னலையே திறக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

கேட்கக் கேட்க ஊசியக்காவுக்கு ஆர்வம் கூடியதே தவிர வழி பிறக்கவில்லை. ஒருவர் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற மாதத்தை இன்னொருவர் காலால் எத்தினார். விடுதியில் தங்கிப் படிக்கிற மகள், எதற்கம்மா ஊரெல்லாம் விசாரிக்கிறாய் என்று இணையத்தில் தேடி அனுப்பினாள். அதில் ஆண்டு முழுவதும் சிறந்த காலம் என்று போட்டிருந்தது. அறை வாடகைக்கு விடுகிறவர்கள் போட்டது.

மேனேஜர் இரண்டு தடவை நினைவுபடுத்தினார். ஓய்வு பெற்றவர்கள் இடத்துக்குப் புதிதாக வந்த சின்னவள், இரண்டு பிள்ளைகளின் தாய், வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் வெயில் மாதம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் அவள் கை குழாய்களை அடுக்குவதை நிறுத்திவிடும். பிள்ளைகளுக்கு லீவு அப்போதுதான்.

அந்த வாரம் ஒரு நடுவயதுப் பெண் வந்தாள். ஊசியைப் பார்த்ததுமே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கையை மட்டும் யாருடையதோ போல நீட்டினாள். மகளின் பிரசவத்துக்காக இந்த ஊருக்கு வந்த இடத்தில், அவளையும் சர்க்கரை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சொந்த ஊர் கடலோரம். அங்கே ஓட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. ஊசியக்காவுக்கு அதிர்ஷ்டம் அடித்தது போலிருந்தது. வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

கண்ணைத் திறக்காமலே அந்தப் பெண் சொன்னாள். "வர்றவங்க எல்லா மாசமும் நல்லாயிருக்குன்னுதான் சொல்லிட்டுப் போறாங்க. எங்களுக்கு எல்லா மாசமும் மணலைக் கூட்டுறதுதான். கடலைத் திரும்பிப் பார்க்க எங்க நேரம்?"

ஊசியக்கா நரம்பைத் தேடிய விரலை நிறுத்தினாள். "அப்போ நீங்க எந்த மாசம் கடல்ல இறங்குவீங்க?"

அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை போலும்.

"ஓட்டலை மூடுற மாசம். பள்ளிக்கூடம் திறந்ததும் கூட்டம் போயிடும். முதலாளி பெயின்ட் அடிக்க ஆளு விடுவாரு. வெயிலும் இறங்கியிருக்கும். ஆனா தண்ணி ஆறாதுக்கா. பெரிய அண்டாவுல வச்ச வெந்நி மாதிரி, அது மெதுவாத்தான் ஆறும். அப்போ நாங்க எல்லாரும் இறங்கிடுவோம்."

ஊசியை ஏற்றியபடியே ஊசியக்கா கேட்டாள். "மழை?"

"வந்தாலும் வரும். புயல்கூட வரலாம். அதுக்கு நான் பொறுப்பில்ல."

குழாய் எப்போதோ நிறைந்துவிட்டது. இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

சாயங்காலம் ஊசியக்கா நேரே கணவரின் கடைக்குப் போனாள். அவர் சிறு ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு ஒரு நாற்காலிக்கு உறை அடித்துக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னாள்.

"அது எந்த மாசம்னு புரியுதா? வருஷா வருஷம் எனக்குத் தள்ளிவிடுவாங்களே, அந்த மாசம். நான் அந்த மாசத்துல உட்கார்ந்து திரைச்சீலை துவைச்சிருக்கேங்க."

அவர் ஆணிகளை உள்ளங்கையில் துப்பிக்கொண்டு சிரித்தார். "சீலையாவது வெளுத்துச்சே."

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவருக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.

அவள் அந்த மாதத்தைச் சொன்னபோது மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பங்கு கையில் இருக்கும்போது மிச்சத்தை யாராவது எடுப்பார்களா என்று கேட்டார். ஊசியக்கா அந்த மாதத்தையே எழுதச் சொன்னாள். வெயில் மாதம் கைக்கு வந்த சின்னவள் அன்றைக்கு அவளுடைய சாப்பாட்டு டப்பாக்களையும் சேர்த்துக் கழுவி வைத்தாள்.

ஓட்டல் மூடியிருக்கும் என்பதால், அந்தக் கடலோரத்துப் பெண்ணே தன் அண்ணி நடத்துகிற ரொட்டிக் கடையின் மாடியில் ஓர் அறையைப் பேசிக் கொடுத்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நல்ல மழை. கடற்கரையில் ஈ காக்கை இல்லை. நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக் கயிறு கட்டியிருந்தார்கள். ஐஸ்கிரீம் கடை சாத்தியிருந்தது. ஓட்டல் சுவரில் ஏணி மட்டும் நனைந்துகொண்டு நின்றது. கணவர் கட்டிவைத்த நாற்காலிகளைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"இதுக்குத்தான் ஊரையே குத்தி விசாரிச்சியா?"

அன்று முழுக்க அறையில் அடைந்து கிடந்தார்கள். கீழேயிருந்து ரொட்டி வேகிற வாசனை வந்துகொண்டிருந்தது. அந்த மாதத்தைச் சொன்ன தன் வாயை ஊசியக்கா மனதுக்குள் திட்டிக்கொண்டாள். ஆனாலும் ஒன்று உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. தண்ணீர் சூடாக இருக்கும் என்றாளே அந்தப் பெண், அது நிஜமா?

மறுநாளும் மழை விடவில்லை. அவளால் உட்கார முடியவில்லை. பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லி இறங்கிப் போனாள். மணல் சில்லென்றிருந்தது. முதல் அலை பாதத்தில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. தோளில் விழுகிற மழை குளிர்ந்தது. இடுப்புக்குக் கீழே கடல் வெதுவெதுப்பாக இருந்தது. மழை வலுக்க வலுக்க, கடல் இன்னும் சூடாவது போலிருந்தது. கையை நீரில் விடுவதும் மேலே தூக்குவதுமாகத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். இத்தனை பேரிடம் கேட்டும் மழையில் கடல் இன்னும் சூடாகத் தெரியும் என்பதை ஒருவர்கூடச் சொல்லவில்லையே என்று அதிசயமாக இருந்தது.

குடையோடு கணவர் வந்து நின்றார். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, பால் சூடு பார்ப்பதைப் போல ஒரு விரலை விட்டுப் பார்த்தார். முகம் மாறியது. காற்று குடையை உள்பக்கம் வெளியாகத் திருப்பியதும், இனி நனைய என்ன மிச்சம் என்று அதைக் கரையில் போட்டுவிட்டு அவரும் இறங்கினார். நாற்காலியைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

அடுத்த நாள் வானம் வெளுத்தது. சுவரைப் பெயின்ட்காரர்களிடம் விட்டுவிட்டு ஓட்டல் ஆட்கள் கும்பலாக வந்து கடலில் விழுந்தார்கள். சமையற்காரர், வரவேற்பு மேசைக்காரி, தோட்டக்காரர் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் இறைத்தார்கள். ஊசியக்கா இடுப்பளவு நீரில் நின்றபடியே ஒவ்வொருவரையும் விசாரித்தாள். அலை வரும்போது பேச்சு நின்று, போனதும் தொடர்ந்தது.

கிளம்புகிற நாள் ரொட்டிக் கடைக்கார அண்ணி கணக்கை முடித்துக்கொண்டு, கல்லாவில் முழங்கையை ஊன்றியபடி கேட்டாள். "நாங்களும் ஒரு தடவை உங்க ஊருக்கு வரணும்னு இருக்கோம். எந்த மாசம் வந்தா நல்லா இருக்கும்?"

ஊசியக்கா விரலை மடக்கி மாதங்களை எண்ணிப் பார்த்தாள். வெயில் மாதத்தில் தெருவில் தார் இளகும், குளிரில் பஸ் கண்ணாடி பனித்துப்போகும், இதெல்லாம் தெரியும். ஆனால் ஒருவர் வந்து பார்க்கிற மாதிரி அந்த ஊர் எப்போது இருக்கும்? அவள் பிறந்து வளர்ந்த ஊர். கணவரைப் பார்த்தாள். அவர் பெட்டியின் ஜிப்பை மும்முரமாகச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"விசாரிச்சுச் சொல்றேன்" என்றாள்.

"உங்க ஊரைப் பத்தி நீங்களே விசாரிக்கணுமா?"

"நான் அங்கயேதான இருக்கேன்? எனக்கு எப்படித் தெரியும்?"

அண்ணி சிரித்தாள். ஊசியக்கா சிரிக்கவில்லை. யாரிடம் முதலில் கேட்கலாம் என்று அவள் அப்போதே யோசிக்கத் தொடங்கியிருந்தாள்.