தெரியாமலிருப்பது டார்ச்சக்காவின் வேலை

“கொஞ்சம் மூச்சை அடக்குங்க, நான் மோந்து பார்க்கணும்” என்கிறார் நர்ஸ் டார்ச்சக்கா. மோந்து பார்க்கப்போவது என் கணுக்காலை. என் மூக்குக்கும் என் கணுக்காலுக்கும் ஐந்தடி தூரம். நான் எதற்கு மூச்சை அடக்க வேண்டும் என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டுத் தொலைத்தேன். “அடக்கிப் பழகிக்கோங்க, பிளாஸ்திரி பிய்க்கப்போறேன்” என்று சொல்லி முடிப்பதற்குள் பிய்த்துவிட்டார். காலில் இருந்த முடியில் பாதி அதோடு போயிற்று.

ஒரு கையில் டார்ச், மறு கையில் பஞ்சைப் பிடித்த கவ்வி. தையல் கோட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை வெளிச்சம் மெதுவாக நகர்கிறது. “சிவப்பு இல்ல. கசிவு இல்ல. வீக்கம் பரவால்ல.” பிறகு மூக்கைச் சுளித்தார். “நாத்தம் இருக்கு. ஆனா புண்ணு நாத்தம் இல்ல, விரலிடுக்கு நாத்தம். வீட்டுல துடைச்சுவிட ஆளில்லையா? ஏன், சம்சாரம் பேசறதில்லையா?” பேசுவதில்லைதான். என் சுண்டுவிரல் அதை எப்படி அவரிடம் போட்டுக்கொடுத்தது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

கால் உடைந்த கதையை நான் வேறு மாதிரி ஜோடித்து வைத்திருந்தேன். சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஓடியவனைத் துரத்தினேன், தடுக்கி விழுந்தேன். பத்திரிகைக்காரனுக்குக் கதைக்கா பஞ்சம்? வார்டே என்னை மரியாதையாகப் பார்த்தது. டார்ச்சக்கா மட்டும் கட்டுப் போட்டுக்கொண்டே, “திருடனைத் துரத்தினவரை ஏன் இடுப்புத் துண்டோட ஆம்புலன்ஸ்ல ஏத்தினாங்க?” என்று கேட்டார். ஓட்டுநரிடம் முன்கூட்டியே விசாரித்துவிட்டார், மகராசி. குளியலறையில் பாடிக்கொண்டே ஆடியதை ஒப்புக்கொண்டேன். என்ன பாட்டு என்றார். அதையும் சொல்லித் தொலைத்தேன். மறுநாள் தேநீர் கொண்டுவந்த பெண் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

மதியச் சாப்பாட்டை நடைக்கோடி ஜன்னலருகே நின்றுகொண்டே சாப்பிடுகிறார். அங்கிருந்து பார்த்தால்தான் லிஃப்டும் தெரியும், மாடிப்படியும் தெரியும். பெரிய டாக்டர் எந்தக் கிழமை தலைக்கு மை போடுகிறார், எக்ஸ்ரே அறைக்காரரின் மகள் எந்தப் பையனை வேண்டாமென்றாள், ஏன் வேண்டாமென்றாள், அப்புறம் ஏன் வேண்டுமென்றாள், எல்லாம் அத்துப்படி. கேட்டுக்கொண்டே கட்டுப் போடுவதால் கேள்வி முடியும்போது கட்டும் முடிந்திருக்கும். வலி தெரியாமல் போய்விடும். மானம் போவது மட்டும் தெரியும்.

இப்பேர்ப்பட்ட பெண்மணிக்கு ஆஸ்பத்திரி கொடுத்திருக்கும் உத்தியோகம் என்ன தெரியுமா? ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது.

கணுக்காலில் எலும்புக்கு மேல் சதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, தோல்தான். உள்ளே பிளேட்டும் திருகாணியும் வைத்துத் தைத்தால் சிலருக்கு அந்தப் புண் ஆறாமல் சீழ் பிடித்துவிடும். அதனால் தைப்பதற்கு முன்னால் ஆன்டிபயாடிக் பொடியை நேராகப் புண்ணுக்குள்ளேயே தூவினால் சீழ் பிடிப்பது குறையுமா என்று இங்கே ஆராய்கிறார்கள். சிலருக்குப் பொடி உண்டு, சிலருக்குக் கிடையாது. யாருக்கு என்பதை ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் கம்ப்யூட்டர் சொல்லும். நோயாளிக்குச் சொல்ல மாட்டார்கள். புண்ணைப் பார்த்து மார்க் போடும் டார்ச்சக்காவுக்குச் சொல்லவே மாட்டார்கள்.

“நல்ல மருந்துன்னா எல்லாருக்கும் போட வேண்டியதுதானே?” என்று பெரிய டாக்டரிடமே கேட்டேன். “நல்லதுன்னுதான் எனக்கும் ஆசை. ஆசையை வெச்சு மருந்து எழுதக்கூடாதுன்னுதான் இத்தனை கூத்தும்” என்றார் அவர். டார்ச்சக்கா இதையே வேறு விதமாகச் சொன்னார். “போட்டாச்சுன்னு தெரிஞ்சா, சிவந்திருந்தாலும் என் கண்ணுக்குச் சிவப்பாத் தெரியாது. போடலன்னு தெரிஞ்சா, கொசு கடிச்சதுகூட சீழாத் தெரியும். ஊர்ல எவன் கண்ணை வேணா நம்புவேன் சார், என் கண்ணை நம்ப மாட்டேன்.”

நியாயம். ஆனால் விதி சும்மா இருக்குமா? தியேட்டரில் அந்தப் பொடி பாட்டிலை எடுத்துக் கொடுக்கும் நர்ஸ், டார்ச்சக்காவின் சொந்த நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவர். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே பஸ். நாத்தனாருக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறக்க மாட்டார். அண்ணிக்கு அது ஒன்றுதான் தெரியாது. வாயை மூட மாட்டார். “பக்கத்துல உக்காந்து சாப்பிடறா சார். எனக்கு நாக்கு நமநமங்குது. ‘என்னடி, இன்னிக்கு டப்பா காலியா?’ன்னு சும்மா நூல் விட்டுப் பார்ப்பேன். ‘குழம்பு ஊத்திக்கோங்க அண்ணி’ம்பா. கல்லுளிமங்கி!”

இந்த வேடிக்கையெல்லாம் டார்ச்சக்காவின் வீட்டுக்காரர் விழுகிறவரைக்கும்தான். அவர் பஸ் ஓட்டுகிறவர். “படியைப் பார்த்து இறங்குங்க” என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஜனங்களை விரட்டிய மனிதர், தன் பஸ்ஸிலிருந்தே படியைப் பார்க்காமல் இறங்கினார். வலது கணுக்கால். போதாக்குறைக்குச் சர்க்கரை வியாதி வேறு. வலது கால்தான் பிரேக் மிதிக்கிற கால். அது போனால் வேலை போயிற்று. இதில் ஆராய்ச்சிக்குச் சம்மதமா என்று கேட்டதற்கு, “என் வீட்டுல ரெண்டு பேர் இதுல சம்பளம் வாங்கறாங்க, நான் மாட்டேன்னா சோறு போடுவாங்களா?” என்று சேர்ந்துவிட்டார்.

அன்று தியேட்டரில் முறை நாத்தனாருக்கு. மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். “எங்கண்ணன் காலை இன்னொருத்தி கையில குடுக்க மாட்டேன்” என்று நின்றுவிட்டாராம். புண் பார்க்கவாவது வேறு ஆள் போடலாமென்றால், அந்த வேறு ஆள் பிரசவத்துக்குப் போயிருந்தார். பெரிய டாக்டர் தலையைச் சொறிந்துவிட்டு டார்ச்சக்காவிடம் சொன்னார்: “புண்ணோட போட்டோவை வெளி டாக்டர் ஒருத்தரும் பார்ப்பார். பொடி போட்டாச்சா இல்லையான்னு தெரியாத வரைக்கும் நீங்களும் பாருங்க. தெரிஞ்சுதுன்னா அந்த நிமிஷமே எங்கிட்ட சொல்லிடணும்.”

அதற்குப் பிறகு எனக்கும் பஸ்காரருக்கும் கட்டு மாற்றும் நாள் ஒன்றாகவே அமைந்தது. பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அவருடைய தையல் முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு முனையில் சிவந்தது. டார்ச்சக்கா என் காலைப் பார்க்கும்போதும் அந்தக் கட்டிலைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தார். என் வீட்டு நிலவரத்தைக்கூட விசாரிக்கவில்லை. நானே வலிய, “சம்சாரம் பேசறாங்க” என்றேன். “சந்தோஷம்” என்று சொல்லிவிட்டு, யாரிடமோ சொல்வதுபோல் பொரிந்து தள்ளினார்.

“நேத்து நிஜமாவே கேட்டேன் சார். ‘போட்டியா இல்லையா, சொல்லுடி’ன்னேன். எழுந்து கையைக் கழுவிட்டுப் போய்ப் படுத்துட்டா. தெரிஞ்சா நான் என்ன கிழிக்கப்போறேன்? ஒண்ணுமில்ல. ரெண்டுக்கும் ஒரே வைத்தியம்தான். ஆனா போடலன்னு மட்டும் தெரியட்டும், அவகூட ஒரே அடுப்புல சமைக்க மாட்டேன். கையில பாட்டிலை வெச்சுக்கிட்டு, கூடப்பொறந்தவன் காலைத் திறந்து பார்த்துக்கிட்டு, கம்ப்யூட்டர் வேணாம்னுச்சுன்னு நின்னிருந்தாள்னா...” என் கட்டை அவிழ்த்துவிட்டு இரண்டாம் முறை சுற்றினார். எனக்குப் பயமாக இருந்தது. புண்ணை நினைத்து இல்லை, அந்த வீட்டை நினைத்து.

போன வாரம் பஸ்காரரின் கட்டைப் பிரித்தபோது, மோந்து பார்க்கவே தேவையிருக்கவில்லை. என் கட்டிலுக்கே வாடை வந்தது. டார்ச்சக்கா வெளிச்சத்தை அடித்தார். அந்த அறையில் அவர் பேசாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“என்ன, ரேடியோ ஆஃப் ஆயிடுச்சு?” என்றார் பஸ்காரர். அவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

பெரிய டாக்டர் வந்தார். புண்ணின் ஓரத்தை அமுக்கிப் பார்த்தார். “நாளைக்குக் காலையில தியேட்டர். திறந்து சுத்தமாக் கழுவணும். பிளேட்டு வரைக்கும் போகாம இருந்தா காலைக் காப்பாத்திடலாம். போயிருந்தா, நாளைக்குப் பேசிக்கலாம்” என்றார். டார்ச்சக்கா மார்க் போட்டார். யாருடைய புண்ணோ போல, உள்ளதை உள்ளபடி போட்டார். டாக்டர் அந்த மார்க் தாளை வாங்கிக்கொண்டு போனார்.

“ஒண்ணும் ஆகாதுங்க” என்றார் டார்ச்சக்கா வீட்டுக்காரரிடம்.

“உன் மூஞ்சி வேற மாதிரி சொல்லுதே.”

“என் மூஞ்சி எப்பவுமே அப்படித்தான். கல்யாணத்தன்னிக்கே பார்த்திருக்கணும்.”

பஸ்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டோம். டார்ச்சக்கா கையைக் கழுவி, உறையைக் கிழித்து, கிருமி நீக்கிய புதுக் கையுறையை மாட்டிக்கொண்டார். அதை மாட்டிய பிறகு புண்ணைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. மாணவி ஒருத்தி கையுறையோடு மூக்கைச் சொறிந்ததற்காக இவர் வாங்கு வாங்கென்று வாங்கி, அந்தப் பெண் அழுதிருக்கிறாள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு நாத்தனார் வந்தார். தலையில் தியேட்டர் தொப்பி அப்படியே இருந்தது. யாரோ சொல்லி, படியிறங்கி ஓடிவந்திருக்கிறார். அண்ணனின் காலைப் பார்த்தார். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பல வருஷமாகக் குழம்பு ஊற்றிக்கொள்ளச் சொன்னதைத் தவிர வேறெதையும் விட்டுக்கொடுக்காத அந்த வாய் கோணிக்கொண்டு போயிற்று.

“அண்ணி, நான் சொல்லிடறேன். என்னால தனியா வெச்சுக்க முடியல. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. அப்புறம் என்னைத் திட்டுங்க, தனியா வைங்க, என்ன வேணா பண்ணுங்க. அன்னிக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல...”

டார்ச்சக்கா அந்தத் தொப்பியையும், கம்பியைப் பிடித்திருந்த விரல்களையும், அந்த முகத்தையும் பார்த்தார். எக்ஸ்ரே அறைக்காரரின் மகள் வேண்டாமென்றது ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு வாரம் சாப்பாடு இறங்காமல் கிடந்தவர்.

கையுறை மாட்டிய இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் தன் இரண்டு காதிலும் அழுத்திச் செருகிக்கொண்டார். “கேக்கலடி! எனக்கு ஒண்ணும் கேக்கல!” என்று வார்டுக்கே கேட்கிறபடி கத்தினார். நாத்தனாரின் உதட்டைப் படித்துவிடக்கூடாதென்று கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். பிறகு ஓரடி முன்னால் வந்து, காதிலிருந்து விரலை எடுக்காமலேயே, இரண்டு முழங்கைகளாலும் அவருடைய தலையை வளைத்துத் தன் தோளில் இழுத்துச் சாய்த்துக்கொண்டார்.