மாப்பிள்ளை மேல் காரை ஏற்றியவர்கள்

சென்ற மாதம், மும்பையில் எங்கள் செம்பூர் அடுக்குமாடி சொசைட்டியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை, தவளை. பெண்ணும் தவளை.

சிரிக்காதீர்கள். வாட்ஸ்ஆப்பில் முறையாகப் பத்திரிகை வந்தது. முகூர்த்த நேரம், 'தங்கள் நல்வரவை நாடும்' என்று கமிட்டியின் பெயர், கீழே 'பார்க்கிங் வசதி உண்டு' என்றுகூடப் போட்டிருந்தார்கள்.

ஜூன் பாதி தாண்டியும் மழையைக் காணோம். குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர். டேங்கர்காரனோடு தினம் சண்டை. தவளைக்குக் கல்யாணம் செய்து வைத்தால் மழை கொட்டும் என்று யாரோ கிளப்பிவிட, எங்கள் செக்ரட்டரி ராமநாதன் மாமா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். மாட்டுங்காவில் பிறந்து, பெரிய கம்பெனியில் ஃபைனான்ஸ் பார்த்து ரிட்டயரானவர். எதையும் முறைப்படி செய்வார்.

தோட்டக்காரர் பூச்செடிப் பாத்தியைத் தோண்டி இரண்டு தவளைகளைப் பிடித்து வந்தார். எது ஆண், எது பெண்? யாருக்குத் தெரியும்! பெரியதாக இருந்தது மாப்பிள்ளை என்று முடிவானது. தவளையில் பெரும்பாலும் பெரியதுதான் பெண் என்பது பிறகுதான் தெரிந்தது... போகட்டும். வாத்தியார் மந்திரம் சொன்னார். கிங்ஸ் சர்க்கிள் பூக்கடையிலிருந்து மல்லிகைச் சரம் வந்தது, பால் பாயசம் வந்தது. நானும் இரண்டு கப் குடித்தேன். பிறகு மணமக்களைப் பின்பக்க மைதானத்தில் இறக்கிவிட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு கலைந்தோம்.

அந்த வாரமே மழை வந்துவிட்டது. ராமநாதன் மாமா பால்கனியில் நின்று, ஆகாயமே தன் டிபார்ட்மென்ட் என்பது போலப் பார்த்தார்.

சரி, மழை வந்தால் தவளை என்ன செய்யும்? நிஜமாகவே கல்யாணம் செய்துகொள்ளும்! மைதானத்து மண்ணுக்குள் பதுங்கிக் கிடந்ததெல்லாம் வெளியே வந்து தண்ணீரைத் தேடிப் போகும். எங்கள் சொசைட்டியில் தண்ணீர் தேங்குவது பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில். மைதானத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில், பின் கேட்டிலிருந்து உள்ளே வரும் ரோடு. இருட்டத் தொடங்கும் நேரத்தில் அவை கூட்டம் கூட்டமாக அந்த ரோட்டைக் கடக்கின்றன. அதே நேரத்தில்தான் நாங்களும் ஆபீஸிலிருந்து திரும்புகிறோம் – காரில்.

மீதியையும் சொல்ல வேண்டுமா? மறுநாள் காலையில் அந்த ரோட்டில் கால் வைக்க இடமில்லை. மாலை மாற்றிக் கல்யாணம் செய்து வைத்துவிட்டு, அவர்களுடைய சொந்தபந்தத்தையெல்லாம் டயரில் தேய்த்து வைத்திருந்தோம். குடித்த பாயசம் ஞாபகத்துக்கு வந்தது.

என் வீட்டுக்குக் கீழ் மாடியில் கோமதி என்று ஒருத்தி இருக்கிறாள். திருநெல்வேலிக் குடும்பம், தாராவியில் வளர்ந்தவள், இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். அன்று சாயங்காலம் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு, பாத்திரம் தேய்க்கும் கையுறையும் பக்கெட்டுமாக ரோட்டில் இறங்கிவிட்டாள். தவளைகளைப் பிடித்துப் பக்கெட்டில் போட்டு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுகிறாள். நான் அவளுக்குக் குடை பிடித்தேன்.

"எக்கா, எனக்கு எதுக்குக் குடை? காரு வருதான்னு பாருங்க!" என்று கத்தினாள்.

காரெல்லாம் வந்துகொண்டுதான் இருந்தது. ஒருவரும் வேகத்தைக் குறைக்கவில்லை. ஒருவர் அவளை இடிக்காத குறையாகத் திருப்பிவிட்டு, எங்களைத் திட்டிவிட்டுப் போனார். வருகிற ஆள்களையெல்லாம் ரெஜிஸ்டரில் எழுதியே பழகிப்போன வாட்ச்மேன், "மேடம், இன் லோக் கா பீ என்ட்ரி கர்னா ஹை க்யா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். தவளைகளுக்கும் என்ட்ரி போட வேண்டுமா என்று அவனுக்குச் சந்தேகம்!

மறுநாள் கோமதி கமிட்டியிடம் போனாள். அவள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மழை பெய்யும் சாயங்காலங்களில் ஒரு மணி நேரம் பின் கேட்டைச் சாத்த வேண்டும், அவ்வளவுதான்.

"நன்னாருக்கு! தவளைக்காக கேட்டைச் சாத்தினா மனுஷா எப்படி ஆத்துக்கு வர்றது?" என்றார் ராமநாதன் மாமா.

"முன் கேட்டு வழியா வாங்க மாமா. ஒரு சுத்து கூட. அம்புட்டுதான்."

"பெட்ரோல் விக்கற விலை தெரியுமோ நோக்கு?"

"கல்யாணம் பண்ணி வச்சது நாமதான மாமா? நாமளே பண்ணி வச்சுட்டு, நாமளே கொல்லுதோமே... இது என்ன நியாயம்?"

"கல்யாணம் பண்ணினது மழைக்காக. மழை வந்துடுத்து. அதோட கான்ட்ராக்ட் முடிஞ்சுது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் ஆச்சரியம் இல்லை. இதே கோமதி போன வருஷம் இதே ரோட்டில் ஒரு ஸ்பீட் பிரேக்கர் கேட்டாள். ஸ்கூல் பஸ் அங்கேதான் நிற்கும். பிள்ளைகள் ரோட்டைக் கடந்துதான் ஏற வேண்டும். 'காரின் அடிப்பாகம் உரசும்' என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கே இந்த மரியாதை என்றால் தவளைக்கு என்ன கிடைக்கும்? 'தவளைக்கு ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கோ' என்று குரூப்பில் ஒருவர் போட, வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்தன.

அடுத்த மழைக்கு ராமநாதன் மாமாவே காரில் வந்தார், பக்கத்தில் மாமி. கேட்டைத் தாண்டியதும் முன் டயருக்கு அடியில் 'சதக்' என்று ஒரு சத்தம். கோமதி டார்ச் அடித்துப் பார்த்தாள். நல்ல பெரிய தவளை, மழைக்கு உடம்பெல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது.

"அய்யோ மாமா... பெரிசா இருக்கே. நம்ம மாப்பிள்ளையா இருக்குமோ?"

அவள் சொன்னது அவ்வளவுதான். மாமியின் முகத்தில் ரத்தமே இல்லை.

ஏன் தெரியுமா? அவர்கள் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பையன் வீட்டார் வருவதாக இருந்தது. வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டு, ரோட்டில் ஒரு புதுமாப்பிள்ளையைக் கொல்லலாமா? அது மாப்பிள்ளையா, மாமனாரா, சம்பந்தமே இல்லாத மூன்றாம் தவளையா என்று யாரால் சொல்ல முடியும்? அதைப் பற்றி மாமிக்குக் கவலை இல்லை. சந்தேகமே போதுமானதாக இருந்தது.

மறுநாள் ஆபீஸ் நேரம் முடிவதற்குள் மாமாவும் மாமியும், கல்யாணம் செய்து வைத்த அதே வாத்தியாரிடம் ஓடினார்கள். அவர் கண்ணை மூடி யோசித்தார். "இது வழி மறிச்ச தோஷம். வழி விட்டாத்தான் போகும். மழைக்காலம் முடியற வரைக்கும் சாயங்கால வேளையில அந்தக் கேட்டைச் சாத்தி வையுங்கோ" என்றார்.

சர்க்குலர் உடனே வந்தது. 'ஆன்மிகக் காரணங்களுக்காக மழை மாலைகளில் பின் கேட் மூடப்படும். ஒத்துழைப்புக்கு நன்றி.' தவளை என்ற வார்த்தையே அதில் இல்லை. பெட்ரோலைப் பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் சமர்த்தாக முன் கேட் வழியாகச் சுற்றி வருகிறார்கள். ராமநாதன் மாமா தானே குடையோடு வந்து காவல் நிற்கிறார். ஒரு நாள் நடு ரோட்டில் உட்கார்ந்திருந்த தவளையிடம், "போடாம்மா, சீக்கிரம் போ" என்று கெஞ்சிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

"வாத்தியார்கிட்ட நீ ஏதாவது சொன்னியா?" என்று கோமதியைக் கேட்டேன்.

"நான் என்னத்தக்கா சொல்லப் போறேன்? ஆபீஸ் போற வழியில ஒரு கும்பிடு போட்டேன். நம்ம சொசைட்டிக்கு வர்றப்ப அவரு ஸ்கூட்டரும் அந்த ரோட்டுலதான வருது, அதுல எத்தனை தவளை மாட்டிச்சோன்னு சொன்னேன். அம்புட்டுதான்."

நம் ஆட்கள் இப்படித்தான். இரக்கப்பட்டுக் கேட்டால் பெட்ரோல் கணக்குச் சொல்வார்கள். நியாயம் கேட்டால் ஹெல்மெட் ஜோக் அடிப்பார்கள். தோஷம் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், கேட் தானாக மூடிக்கொள்ளும்.

பையன் வீட்டார் ஞாயிறன்று வந்து, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பதில் இன்னும் வரவில்லை. அதனால் கேட்டும் சாயங்காலங்களில் இன்னும் மூடித்தான் இருக்கிறது. பள்ளத்திலிருந்து வரும் சத்தத்தில் டிவி கேட்கவில்லை. எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

நேற்றுக் காலை நானும் கோமதியும் பின் கேட்டில் நின்றுகொண்டிருந்தோம். காலையில் தோஷம் கிடையாதே, கேட் விரியத் திறந்திருந்தது. ஸ்கூல் பைகளோடு பிள்ளைகள் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, சர் சர் என்று போகும் கார்களுக்கு நடுவே இடம் பார்த்து ரோட்டைத் தாண்டி ஓடினார்கள். கடைசிக் குழந்தை பஸ்ஸில் ஏறும்வரை கோமதி ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "எக்கா, இந்தப் புள்ளைகளுக்கு என்ன தோஷம் சொல்லலாம்?"