அம்மாவின் காலுக்காகப் போட்ட புல்

சர்க்கரை வந்து பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு அம்மாவின் பாதங்கள் எரியத் தொடங்கின. சாயங்காலம் ஆனால் போதும், மிளகாயை அரைத்துப் பூசியதுபோல் இருக்கிறது என்பாள். மாத்திரைகள் மாறின, எரிச்சல் மாறவில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்காகக் காத்திருந்தபோது பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, பாதங்களைப் பக்கத்துப் புல்தரையில் வைத்தாள். விரல்களை விரித்துப் புல்லில் அழுத்திக்கொண்டாள்.

"சில்லுன்னு இருக்குடி. எரிச்சலே தெரியல."

ஆட்டோ வந்த பிறகும் எழுந்திருக்க அவளுக்கு மனசில்லை. அந்த ஒரு வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். அவள் அதை மறந்திருக்கக்கூடும்.

எங்கள் வீடு ஹெப்பகோடியில் இருக்கிறது. அப்பா அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒக்கலிபுரத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுக் கட்டியது. அப்பா போன பிறகு கீழே அம்மாவும் நானும், மாடியில் தம்பியும் அவன் மனைவியும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே கொஞ்சம் காலி இடம் இருந்தது. வீடு கட்டியபோது மிஞ்சிய ஜல்லியும் உடைந்த டைல்ஸும் வருடக்கணக்காக அதில்தான் கிடந்தன.

அங்கே புல் வளர்க்கலாமென்று விசாரித்தபோது நர்சரிக்காரர், பாய்போல் சுருட்டி விற்கும் புல்லை வாங்கி விரித்துவிடச் சொன்னார். பக்கத்துத் தெருவில் ஒருவர் அப்படிச் செய்து, அந்த மண்ணோடு கூடவே வந்த கோரை இரண்டே மாதத்தில் புல்லை விழுங்கியதைப் பார்த்திருந்தேன். அதைவிட, அந்தப் பாய்க்கு அடியில் என்ன கிடக்கிறதென்று யார் பார்ப்பது? டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வெறுங்காலோடு அம்மா நடக்கவே கூடாது, உட்கார்ந்தபடி பாதத்தை வைத்துக்கொள்ளலாம், வைக்கிற இடம் சுத்தமாக இருக்க வேண்டும், சின்னக் கீறல் விழுந்தாலும் ஆறாது. அதனால் விதை வாங்கினேன்.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அரை அடி ஆழத்துக்குத் தோண்டி, மணல் சலிக்கும் சல்லடையில் அந்த மண் முழுவதையும் சலித்தேன். ஆணி, கம்பித் துண்டு, பாட்டில் சில்லு என்று ஒரு பக்கெட் நிறைந்தது. தம்பி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"ஏன்க்கா இந்தக் கஷ்டம்? ஆள் வச்சா ஒரே நாள்ல முடிச்சுடுவான்."

"ஆளுக்கு அம்மா காலப் பத்தித் தெரியுமாடா?"

சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

எரு கலந்து, பலகையால் இழுத்துச் சமன் செய்து, தண்ணீர் தெளித்து, பத்து நாள் சும்மா விட்டேன். உள்ளே இருந்த களையெல்லாம் முளைத்து வந்ததும் பிடுங்கிப் போட்டேன். அதற்குப் பிறகுதான் விதை. கடுகைவிடச் சின்னது அது. அப்படியே வீசினால் காற்று கொண்டுபோய்விடும் என்று காய்ந்த மணலில் கலந்து, பாதியை நீளவாட்டிலும் பாதியைக் குறுக்காகவும் தூவினேன். விரலால் மேலாகக் கிளறிவிட்டுப் பூவாளியால் நனைத்தேன். புறாக்கள் வந்துவிட்டன. பழைய கொசுவலையை விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்தேன். எறும்புக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. அவை தூக்கிக்கொண்டு போனது போக மிச்சம் எனக்கு.

ஒன்பதாம் நாள் காலையில் வலைக்கு அடியில் பச்சையாக ஒரு மினுக்கம் தெரிந்தது. அன்றைக்கு வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன். அங்கங்கே சொட்டை விழுந்திருந்த இடங்களில் மறுபடி விதைத்தேன். முதல் தடவை வெட்டும் அளவுக்கு வளர்ந்தபோது இயந்திரம் வேரோடு பிடுங்கிவிடுமோ என்று பயந்து, குந்தி உட்கார்ந்து கத்தரிக்கோலால் வெட்டினேன். அம்மா வாசற்படியில் நின்று, "தலைமுடியக்கூட இப்படி ஒருத்தி வெட்ட மாட்டா" என்றாள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். அதன் பிறகு தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் அவளுக்கு அங்கேதான் இருப்பு. கோடையில் போர்வெல் வற்றி டேங்கர் தண்ணீருக்கு வரிசை நின்ற நாட்களில், அரிசி களைந்த தண்ணீரையும் காய்கறி கழுவிய தண்ணீரையும் சேர்த்து வைத்து ஊற்றினேன். புல் மஞ்சளாகிப் போனது, ஆனால் சாகவில்லை. முதல் மழைக்கே மீண்டது.

அந்த வருடம் தம்பி கார் வாங்கினான். தெருவில் நிறுத்தியதில் யாரோ கோடு கிழித்துவிட்டார்கள்.

"அக்கா, முன்னாடி எடத்துல பேவர் பிளாக் போட்டா கார் உள்ள வந்துடும். ரெண்டு நாள் வேலதான்."

"அம்மா உக்கார்ற எடம்டா அது."

"அம்மா அர மணி நேரம் உக்கார்றாங்க. கார் நாள் பூரா வெயில்ல நிக்குது."

முடியாது என்றேன். அவன் சாவியைச் சுழற்றிக்கொண்டே மாடிக்குப் போனான். விஷயம் முடிந்ததென்று நினைத்தேன்.

தை மாதத்தில் அம்மாவுக்குச் சிறுநீரில் கிருமி தொற்றி, காய்ச்சல் ஏறி, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. லீவு போட்டுவிட்டு ஆறு நாள் அவள் கட்டிலருகிலேயே இருந்தேன். தம்பி சாயங்காலம் வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவான். வரும்போதெல்லாம் கேட்டேன்.

"புல்லுக்குத் தண்ணி விட்டியா?"

"ஆச்சுக்கா."

அப்போதெல்லாம் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அசதி என்று நினைத்தேன்.

ஆறாம் நாள் மதியம் வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினோம். கேட்டிலிருந்து படிவரை சிவப்பும் சாம்பலுமாகக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. அதன்மேல் கார் நின்றது. தம்பி அம்மாவின் கையைப் பிடிக்க வந்தான்.

"என்னடா பண்ணி வச்சிருக்க?" என்று கத்தினேன்.

"நானா பண்ணலக்கா. அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் பண்ணேன். சேர்த்த மறுநாளே கேட்டேன். நீ மருந்து வாங்கப் போயிருந்த."

அம்மாவைப் பார்த்தேன். அவள் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான இருக்கு? பாவம், அவன் வண்டி ரோட்ல நின்னுது."

"உன் காலுக்காகப் போட்டதும்மா அது."

"நான் உன்னப் போடச் சொன்னனா? ஒரு பக்கெட் தண்ணில கால் வச்சுக்கிட்டாப் போச்சு. சும்மா கத்தாத, அக்கம்பக்கத்துல பார்க்கறாங்க."

அவன் செய்ததைக்கூட என்னால் விழுங்க முடிந்திருக்கும். அவன் எப்போதும் கேட்டு வாங்குகிறவன், அல்லது கேட்காமல் எடுத்துக்கொள்கிறவன். ஆனால் அம்மா அவ்வளவு நாளும் என் கையால் கஞ்சி குடித்தாள், என் தோளைப் பிடித்துக் கழிவறைக்கு நடந்தாள். வீட்டுக்குப் போனதும் சொட்டை விழுந்த மூலையில் மறுபடி விதைக்க வேண்டும் என்று நான் சொன்னபோது "உம்" என்று கேட்டுக்கொண்டும் இருந்தாள். அந்த "உம்"மை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த மாதமே அத்திபெலேயில் ஒரு வாடகை வீடு பார்த்துக்கொண்டு போனேன். கிளம்பும்போது அம்மா, "எத்தன நாளைக்கு இந்த வீம்பு?" என்றாள். தம்பி மனைவி மட்டும் கீழே வந்து நின்று அழுதாள். இனி யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற பயமாக இருக்கலாம்.

மூன்று வருடங்கள் ஆகின்றன. அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்வது என் காதுக்கும் வந்தது: "புல்லுக்காகப் பெத்தவள விட்டுட்டுப் போனவ." கல்யாண வீடுகளில் சில பேர் என்னை அந்தக் கதையோடுதான் பார்க்கிறார்கள். நான் மறுப்பதில்லை. விளக்கப் போனால் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து தொடங்க வேண்டும், அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்ததைச் சொல்ல வேண்டும். பெற்றவளைப் பற்றி வெளியாட்களிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிறு போகிறேன். அவள் கால் நகங்களை வேறு யாரிடமும் நம்பிக் கொடுப்பதற்கில்லை. தப்பி ஒரு வெட்டு பட்டால் காலே போய்விடும். விளக்கு வெளிச்சத்தில் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக வெட்டுகிறேன், விரலிடுக்குகளில் புண் இருக்கிறதா என்று பார்க்கிறேன். எரிச்சல் அதிகமாகிவிட்டது என்கிறாள். டாக்டரிடம் சொல்லு என்கிறேன். முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, காருக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நடந்து, பஸ் பிடிக்கப் போகிறேன்.