பல்பு சிவந்திருக்கும்போது

அனுமந்தன்பட்டியைத் தாண்டியபோது பையின் வார் தோளை அறுக்கத் தொடங்கியது. மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன். உத்தமபாளையம் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கம்பத்துக்கு பஸ் இருந்தது. ஏறவில்லை. ஏறினால் பக்கத்தில் இருப்பவர் எங்கே போகிறாய் என்று கேட்பார். பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி, எரிந்துபோன ஓர் ஆவி மிஷின், அதன் கன்வெர்ட்டர். கம்பத்தில் ஜீப் ஏறி மலைக்கு மேலே போய்விட்டால் கேரளம். அங்கே ஏலத்தோட்டத்தில் ஊர், உறவு கேட்காமல் வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட நாளிலிருந்து எனக்குப் பழக்கமான வழி அதுதான். ஓர் இடத்தில் தப்பு நடந்தால் அடுத்த இடத்துக்குப் போய்விடுவேன்.

ஆஸ்பத்திரியில் என் அக்கா மூக்கில் குழாயுடன் படுத்திருந்தாள். அவளை அங்கே சேர்த்து அது இரண்டாம் நாள்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு உண்டு. ராயப்பன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் வாக்கப்பட்டுப் போனாள். கொடிக்கு மருந்து அடிக்கிற நாட்களில் இழுப்பு கூடும். பக்கத்துத் தோட்டத்தில் அடித்தாலும் காற்று இவள் வீட்டுக்குத்தான் வரும். மாதத்தில் நாலைந்து முறை மச்சான் அவளை சைக்கிளில் உட்காரவைத்து ஊசி போடக் கூட்டிப்போவார்.

நான் சவுதியில் ஒரு கிளினிக்கில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு முட்டி வருகிறவர்களுக்கு அங்கே ஒரு சின்ன மிஷினில் மருந்தை ஆவியாக்கிக் கொடுப்பார்கள். உள்ளே கையகல மோட்டார், அது காற்றை அழுத்தும், மருந்து புகையாகி முகமூடிக்குள் வரும், அவ்வளவுதான். பழசான ஒன்றைக் கழித்தபோது ஸ்டோர்காரரிடம் கேட்டு வாங்கினேன். மலையாளி அவர். “இது நூற்றிப்பத்து வோல்ட்டாணு. நாட்டில் கன்வெர்ட்டர் வேணும், மறக்கண்ட” என்றார். மறக்கவில்லை. நம் ஊர் இருநூற்றிமுப்பதை இறக்கித் தரும் கன்வெர்ட்டர்களில் கடையில் இருந்ததிலேயே பெரிய எண் போட்டதை வாங்கினேன். ஆயிரத்து ஐந்நூறு வாட். உள்ளங்கையில் அடங்கியது. இரண்டையும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பி அக்கா வீட்டில்தான் இறங்கினேன்.

“எல்லாரும் டேப்ரிக்கார்டர் கொண்டாருவாக. எந்தம்பி எனக்கு மூச்சைக் கொண்டாந்திருக்கான்” என்று அக்கா தெருவெல்லாம் சொன்னாள்.

கன்வெர்ட்டர் வழியாகப் போட்டதும் மிஷின் வண்டு மாதிரி இரைந்தது. இரண்டு நிமிடத்தில் தொட முடியாத சூடு. பிடுங்கிவிட்டேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

எங்கள் பக்கத்தில் பம்புசெட்டுக்கு மூணு பேஸ் கரண்ட் விடும் நேரத்தில் கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடும். வீட்டுக்கு வருகிற கரண்ட் இறங்கிவிடும். பல்பு சிவந்து கரித்துண்டு மாதிரி நிற்கும். டி.வி.க்கு வைத்திருந்த ஸ்டெபிலைசரில் உள்ளே வரும் கரண்டைக் காட்டுகிற முள் உண்டு. அது நூற்றிருபதுக்குக் கீழே வந்து நின்றதைப் பார்த்தேன். மிஷினுக்கு வேண்டியது நூற்றிப்பத்து. கன்வெர்ட்டர் எதற்கு? நேராகச் சுவரில் சொருகினேன். மிஷின் சவுதியில் ஓடிய மாதிரியே ஓடியது. அக்கா பத்து நிமிடம் ஆவி பிடித்துவிட்டு எழுந்து சோறு வடித்தாள்.

பல்பு சிவந்தால் மிஷினைப் போடலாம், வெளுத்தால் தொடக் கூடாது. இதுதான் அந்த வீட்டில் சட்டமானது. மூன்று வாரம் ஓடியது. ஊசிக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள்.

அன்று மதியம் பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்தார்கள். நாலு மணிக்கு அக்காவுக்கு இழுப்பு கண்டது. கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. பல்பு சிவந்துதான் இருந்தது. மருந்தை ஊற்றி மிஷினைப் போட்டேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். தோட்டத்துப் பக்கம் போகிற லைனில் ஏதோ அறுந்து, அத்தனை கிணற்று மோட்டாரும் ஒரே நேரத்தில் நின்றன. பல்பு பளீரென்று வெளுத்தது.

“அப்பாடா, வெளிச்சம் வந்துருச்சு” என்றார் மச்சான்.

மிஷின் வீறிட்டது. நான் பிளக்கைப் பிடுங்குவதற்குள் புகை வந்துவிட்டது, மருந்துப் புகை அல்ல. அந்த நாற்றம் அக்காவின் மூச்சை இன்னும் அடைத்தது. திராட்சைப் பெட்டி ஏற்ற வந்த டெம்போவில் பெட்டிகளுக்கு நடுவே அவளைப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். வழியில் உதடு நீலமானது.

உயிர் தங்கியது. இரண்டாம் நாள் காலையில் ஆஸ்பத்திரி வராண்டாவில் மச்சான் என்னிடம் சொன்னார்: “உம்மேல தப்புன்னு சொல்லல மாப்ள. நீ கொண்டாந்த மிஷினை நம்பி ஊசியை விட்டோம். அது எங்க தப்பு.” அதற்கு அவர் என்னை அடித்திருக்கலாம். வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தேன்.

கம்பத்துக்குள் நுழைகிற இடத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்று. வாசல் முழுக்க எரிந்த பம்புசெட் மோட்டார்கள். நடுவில் உட்கார்ந்து என் வயதுள்ள பாய் ஒருவர் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுப் போகலாம் என்று மிஷினையும் கன்வெர்ட்டரையும் அவர் முன்னால் வைத்தேன்.

கன்வெர்ட்டரை இரண்டு விரலால் தூக்கினார். “என்னண்ணே, சோப்பு டப்பாவா?”

“ஆயிரத்தைந்நூறு வாட்டுன்னு போட்டிருக்கு பாய்.”

“போட்டிருக்கும். தேய்ப்புப் பெட்டிக்கு உள்ளது. சூடாகுற சாமானுக்குப் போதும், சுத்துற சாமானுக்கு ஆகாது. கரண்டை வெட்டி வெட்டிக் குடுக்கும். மோட்டாரு தாங்குமா? பெறகு எப்படி ஓட்டுனீக?”

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மிஷினை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“லோ வோல்டேஜுல ஓட்டுனீகளாக்கும். நம்ம ஊர்க்காரனுக்குத்தான் இந்தப் புத்தி வரும்” என்றார். “காயிலை மறுபடி கட்டலாம். ஆனா இருநூத்திமுப்பதை நூத்திப்பத்தா எறக்க டிரான்ஸ்பார்மர் வேணும். பழைய ஸ்டெபிலைசரோட இரும்புக் கட்டை அங்கன குவிஞ்சு கெடக்கு, அதுல சுத்தித் தாரேன். தூக்குனா கை வலிக்கணும். வலிக்கலேன்னா மோட்டாருக்கு ஆகாதுன்னு வச்சுக்கங்க. பத்து நிமிசத்துக்கு மேல விடாதீக. அந்த நாட்டுக் கரண்டு ஓட்டம் வேற, இங்கன கொஞ்சம் சூடேறும்.”

“எப்பக் கெடைக்கும்?”

“பத்து நாளாகும்.”

“வியாழக்கிழம எங்க அக்காவ வீட்டுக்கு அனுப்பிருவாக பாய். இன்னும் மூணு நாளுதான் இருக்கு.”

வாசலில் கிடந்த மோட்டார்களைக் காட்டினார். “எல்லாம் தண்ணி பாய்ச்ச முடியாம நிக்குறவுகளோடது. சுத்துறதுக்கு நான் இருக்கேன். எரிஞ்ச காயிலை உருவுறதுக்கு ஆளு ஓடிப்போயிட்டான். நான் எதைன்னு பார்க்க?”

எதிரே மலைக்குப் போகிற ஜீப் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. இரண்டு இடம் பாக்கி என்று கத்தினான் டிரைவர்.

“நான் உருவுறேன்” என்றேன்.

அவர் என் பையைப் பார்த்தார், பிறகு ஜீப்பைப் பார்த்தார். “நீங்களும் ஓடிப்போற ஆளு மாதிரிதான் இருக்கு. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வாங்க, பார்ப்போம். வந்தா வியாழனுக்கு முடிச்சுரலாம்.”

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போன் செய்து மச்சானைக் கூப்பிடச் சொன்னேன். வியாழக்கிழமை மிஷினோடு வருவேன் என்றேன்.

“மிஷினு வந்தாலும் ஊசியை விடப்படாதுன்னு டாக்டர் சொன்னாக” என்றார்.

“சரி மச்சான்.”

மறுநாள் ஏழு மணிக்குப் போனேன். பாய் உளியையும் குறடையும் கொடுத்தார். மோட்டாரின் ஒரு பக்கம் செம்புக்கம்பிக் கட்டை வெட்டி எடுத்துவிட்டு, சூடு காட்டி, மறுபக்கமாக உருவ வேண்டும். சூடு ஏறியதும் வார்னிஷ் கருகி, அக்கா வீட்டில் அன்று வந்த அதே நாற்றம் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுத்தேன். கம்பி பாதியில் அறுந்தது.

“பதறாம இழுங்கண்ணே” என்றார் பாய், தன் வேலையிலிருந்து தலை தூக்காமல்.

மீதியைக் குறடால் பற்றி மெதுவாக இழுத்தேன். வந்தது. அடுத்த கட்டைப் பிடித்தேன்.