கோயில் சுவரில் அண்ணன் ஒட்டிய கண்ணாடி

இதை எழுதப் பல வருஷமாகப் பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருந்தேன். எட்டாவதோடு நின்றவன் நான்; ஆனால் தயங்கியது எழுத வராமல் அல்ல, பயத்தில். அண்ணன் மறைந்து ஒரு வருஷம் நிறையும் இன்று, அம்மன்மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

அண்ணன் ஆம்பூரில் பிறந்து, பக்கத்து மாநிலத்து ஈஜிபுராவில் ஒற்றை அறை வாடகை வீட்டில் வளர்ந்தவர். அப்பா காலமானதும் நான் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனேன். அண்ணன் கஷ்டப்பட்டு நிலவியல் படித்தார். மலைச்சரிவு, பூகம்ப ஆபத்துகளை ஆராய்வது அவர் உத்தியோகம். மழைக்காலமெல்லாம் மலைச்சாலைகளில்தான் இருப்பார்.

எங்கள் தெரு மாரியம்மன் கோயிலின் பின்சுவர், மூடிய கல்குவாரியின் மண்மேட்டைத் தாங்கி நின்றது. அதிலிருந்த விரிசலின் குறுக்கே அண்ணன் ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வைத்து ஒட்டியிருந்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஒரு வருஷம் ஆடி மாதத்தில் அண்ணன் குடகுப் பக்கம் போயிருந்தார். கூழ் ஊற்றும் விழாவுக்காகக் கோயிலைக் கழுவியபோது கண்ணாடி இரண்டாக உடைந்திருந்ததைப் பார்த்தேன். சன்னிதியில் உடைந்த கண்ணாடி ஆகாதென்று அதைப் பெயர்த்து, அதே அளவில் புதுத் துண்டு ஒட்டினேன். சனிக்கிழமை திரும்பிய அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "சுவர் அசையல, தைரியமா நடத்துங்க" என்று கோயில் கமிட்டியாரிடம் சொன்னார்.

மறுநாள் மழை வலுத்தது. சனமெல்லாம் சுவரோரப் பந்தலில் ஒதுங்கியது. கூழ் ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"அண்ணா, அந்தக் கண்ணாடி எதுக்குண்ணா?"

"சுவர் நகர்ந்தா உடையும்டா. முழுசா இருக்கு, பயமில்ல."

என் கை நின்றுவிட்டது. "அண்ணா... பழசு உடைஞ்சிருந்தது. நான்தான் மாத்தினேன்."

அண்ணன் திட்டவில்லை. பந்தலுக்குள் ஓடி, "எல்லாரும் ரோட்டுக்குப் போங்க!" என்று கத்தினார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். பக்கத்து வீட்டுப் பத்மாக்கா மட்டும் அசையவில்லை.

"இன்னா சார், நேத்து தைரியம்னீங்க, இன்னிக்கு ஓடுன்றீங்க! படிச்சது மறந்துபோச்சா? அம்மா முன்னாடி உட்கார்ந்தவள மண்ணு என்னா பண்ணும்?"

"அம்மா ரோட்டுக்கு வந்தும் பார்ப்பாங்க, எழுந்திருங்கக்கா!"

எழவில்லை. அண்ணன் அவருடைய கூழ்க்குண்டானைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். "என் குண்டான்!" என்று பத்மாக்காவும் பின்னால் ஓடினார். அவர் ரோட்டில் கால் வைத்தபோது சுவர் பந்தல்மேல் சரிந்தது. அம்மன் புண்ணியத்தில் ஒருவருக்கும் காயமில்லை.

"நேத்து ஏன் சார் சரின்னீங்க?" என்று கமிட்டியார் கேட்டார்கள்.

"நான் சரியா பாக்கல" என்றார் அண்ணன்.

பக்கத்திலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை. அன்று முதல் தெருவில் அவருக்குக் 'கண்ணாடி சார்' என்று கேலிப்பெயர். கடைசியாக அவர் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணாடியைப் பற்றி ஆரம்பித்தேன். "அன்னிக்குக் கூழ் நல்லா இருந்துச்சுடா" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நாட்களில் தினமும் கஞ்சி கொண்டுவந்த பத்மாக்காவுக்கும், இரவு பகல் துணையிருந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. இதை யாரிடம் சொன்னாலும், எனக்காக ஒரு சொல்லையும் மாற்றாமல் சொல்லுங்கள்: அண்ணன் சரியாகத்தான் பார்த்தார். கண்ணாடியை மாற்றியவன் தம்பி.